95ஆ, 98ஆ? பெட்ரோல் போடும்போது எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

"ஏத்துறதுன்னா ஒரே ராத்திரில ஏத்திடுறாங்க, இறக்குறதுக்கு மட்டும் வாரக்கணக்கா ஆகுது!"

சிங்கப்பூரில் வண்டி ஓட்டும் யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே புலம்பல்தான். கச்சா எண்ணெய் விலை இறங்கியது என்று செய்தி வரும். பெட்ரோல் நிலையப் பலகையில் சில காசுதான் குறைந்திருக்கும். ஏன்?

ஒரு காரணம் தீர்வை. 2021 பிப்ரவரியிலிருந்து 92, 95 ரகங்களுக்கு லிட்டருக்கு 66 காசு, 98க்கும் அதற்கு மேலான ரகங்களுக்கும் 79 காசு. இது விழுக்காட்டுக் கணக்கு இல்லை, லிட்டர் கணக்கு. கச்சா எண்ணெய் பாதி விலைக்கு வந்தாலும் 66 காசு அப்படியே நிற்கும். அதையும் சேர்த்துத்தான் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. நிலத்துக்கான செலவு, ஊழியர் சம்பளம் எல்லாம் தனி. சந்தையோடு ஏறி இறங்குவது மீதிப் பகுதி மட்டுமே.

ஆனால் ஏறும்போது மட்டும் ஏன் அவ்வளவு வேகம்? அதற்கு வரி பதில் சொல்லாது. பொருளியல் வல்லுநர்களே இதற்கு 'ராக்கெட்டும் இறகும்' என்று பெயர் வைத்து, பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஓட்டுநர்களின் சந்தேகம் வெறும் கற்பனை அல்ல.

98 ஊத்தினா கார் பறக்குமா?

பறக்காது. 92, 95, 98 என்பவை ஆக்டேன் எண்கள். இயந்திரத்துக்குள் அழுத்தம் கூடும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதை அவை காட்டுகின்றன. சக்தியின் அளவு அல்ல. அழுத்தம் அதிகமுள்ள சில டர்போ, ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 98 தேவைப்படலாம். உங்கள் காருக்கு எது போதும் என்பது கையேட்டில் இருக்கும். பல கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலேயே ஒட்டியிருப்பார்கள். அங்கே 95 என்று இருந்தால், 98 போடுவதால் பெரிய லாபம் எதுவும் இல்லை. பலகையில் இரண்டுக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ அரை வெள்ளி வித்தியாசம் இருப்பது வழக்கம். 40 லிட்டருக்கு 20 வெள்ளி! அதில் வரி வித்தியாசம் 6 வெள்ளியைக்கூடத் தொடாது.

பலகை விலையை நம்பியும் பயனில்லை. கடன்பற்று அட்டை, உறுப்பினர் அட்டை என்று ஆளுக்கொரு தள்ளுபடி. எங்கே மலிவு என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. அதற்காகத்தான் பயனீட்டாளர் சங்கம் 2020இல் ஃபியூவல் காக்கி இணையத்தளத்தைத் தொடங்கியது. தள்ளுபடி போக என்ன விலை என்று அதில் ஒப்பிடலாம்.

ஜொகூர் போய் ஊத்திக்கலாமே?

போகலாம். ஆனால் சிங்கப்பூர் கார் எல்லையைத் தாண்டும்போது தொட்டியில் முக்கால் பாகம் பெட்ரோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 500 வெள்ளி வரை அபராதம், அப்படியே திரும்ப வேண்டியதுதான். 40 லிட்டர் தொட்டி என்றால் அங்கே நிரப்ப முடிவது 10 லிட்டரும், வழியில் எரிந்ததும். மலேசியாவின் மானிய விலை ரோன்95ஐ 2010 முதல் வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்கக்கூடாது, நமக்கு ரோன்97தான். கடற்பால நெரிசலையும் கணக்கில் சேருங்கள்.

மின்சாரக் கார்?

2024இல் பதிவான புதிய கார்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று மின்சாரக் கார். பெட்ரோல் தீர்வை கிடையாதுதான். ஆனால் அதற்கு ஈடாகச் சாலை வரியோடு ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டும். 95 ரகத்தில் 1,060 லிட்டருக்கு நீங்கள் கட்டும் தீர்வையும் ஏறக்குறைய அதேதான். நாள் முழுக்க ஓடும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர் அந்த அளவைச் சில மாதங்களிலேயே தாண்டிவிடுவார். வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவர் ஒரு வருஷத்திலும் தாண்டமாட்டார்.