தோணி ஏறிய மாதா

தருவைகுளத்தில் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் படகு புறப்படும்போது ஐஸும் டீசலும் அரிசி மூட்டையும் ஏறியபின் ஆட்கள் ஒரு நிமிடம் கரையைப் பார்த்து நிற்பார்கள். நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டபின்தான் எஞ்சினை முடுக்குவார்கள். சுக்கான் பிடிக்கிற அறையில் கையகல மாதா படம் ஒட்டியிருக்கும். உப்புக்காற்று பட்டு ஓரம் சுருண்டு நிறம் வெளுத்திருந்தாலும் முகம் மட்டும் தெரியும். அந்த முகத்துக்குச் சொந்தக்காரி இங்கிருந்து தெற்கே, தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருக்கிற மரச்சொரூபம். தூத்துக்குடிக்காரர்கள் தஸ்நேவிஸ் மாதா என்பார்கள், பனிமய மாதா என்றும் சொல்வார்கள்.

சாந்தா ஹெலேனா என்ற கப்பலில் 1555 ஜூன் 9 அன்று மணிலாவிலிருந்து வந்து இறங்கியது என்பது கோயில் மரபு. ஸ்பானியர் மணிலாவில் நகரம் அமைத்தது 1571இல்தான் என்பதால் தேதிக்கணக்கு ஒட்டவில்லை. எந்தத் துறையில் கப்பல் ஏறியிருந்தாலும் சரி, பின்னால் அது பட்ட பாடு இந்தக் கரையில் பட்டதுதான்.

சொரூபம் வருமுன்பே இங்கே ஓட்டம் தொடங்கிவிட்டது. முத்துக்குளிப்பு உரிமைக்கான சண்டையில் பாதுகாப்புத் தேடி, இந்தக் கரையின் கடல்தொழில் சமூகமான பரதவர் போர்ச்சுகீசியரை அண்டினார்கள். 1536-37 வாக்கில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். உயிருக்கும் தொழிலுக்கும் தேடிய அடைக்கலம் அது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1544இல் தெலுங்கு பேசும் வடுகர் படை வந்தபோது ஊர் ஊராக மக்கள் கடல்பாறைகளிலும் தீவுகளிலும் ஒதுங்கிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். பிரான்சிஸ் சவேரியார் தம் உதவியாளர் மன்சிலாஸுக்கு அப்போது எழுதிய கடிதங்களில் உபதேசத்தைவிட அவசரமாக இருப்பது தண்ணீரும் சாப்பாடும் தோணிகளும். அந்தக் கடிதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

1582 ஆகஸ்ட் 5 அன்று தூத்துக்குடியில் மாதாவுக்குக் கோயில் அர்ச்சிக்கப்பட்டது. இருபதாண்டு கழித்து நாயக்கர் படை தாக்கிக் கோயிலை எரித்தது. சேசு சபையாரும் மக்களும் எதிரே இருக்கிற முயல்தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மாதாவும் அவர்களோடு தோணி ஏறினாள் என்கிறார்கள். சில ஆண்டுகள் ஓர் ஊரே மணல்தீவில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியது.

உண்மையான சோதனை 1658இல் வந்தது. புராட்டஸ்டண்டுகளான டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அண்டியிருந்த போர்ச்சுகீசியர் போய்விட்டார்கள், குருக்கள் துரத்தப்பட்டார்கள், கோயில் கைமாறியது. பாதுகாப்புக்காக வந்த மதம் என்றால் பாதுகாவலன் போனதும் அது உதிர்ந்திருக்க வேண்டும். புது எசமானனின் சபையில் சேர்ந்தால் லாபமும் இருந்தது. பரதவர் டச்சுக்காரனுக்காகக் கடலில் மூழ்கினார்கள், சிப்பி எடுத்துக் கொடுத்தார்கள், அவன் கணக்குக்குக் கட்டுப்பட்டார்கள். ஜெபத்தை மட்டும் கொடுக்கவில்லை. பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற போதகர் நேரில் வந்து பிரசங்கித்தும் கூட்டம் சேரவில்லை. 1700 வாக்கில் மார்ட்டின் என்ற சேசு சபைக் குரு எழுதிய கடிதம் ஒன்று அவர்களுடைய பதிலைப் பதிவு செய்கிறது. சவேரியார் செத்தவர்களை எழுப்பினார். நீங்கள் அவரைவிட அதிகம் பேரை எழுப்புங்கள், நோயாளிகளைக் குணமாக்குங்கள், இந்தக் கடலில் மீனைப் பெருக்கிக் காட்டுங்கள், பிறகு யோசிக்கிறோம் என்கிற தோரணையில் சாதித் தலைவர் பேசினாராம். வாளெடுக்கவும் இல்லை, பணியவும் இல்லை. கடலில் பிழைப்பவனுக்கு வருகிற நிதானம் அது.

சொரூபம் அந்த ஆண்டுகளில் சிவந்தாகுளத்திலும் கொற்கையிலும் ஒளிந்திருந்ததாகச் சொல்கிறார்கள். இரவில் அதைச் சுமந்து போனவர்களின் பெயர் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியபின் 1707இல் ஓர் இரவு அதன்மேல் இடி விழுந்தும் சிதையவில்லை என்பது மக்கள் நம்பிக்கை. இப்போதைய கோயில் 1713 ஆகஸ்ட் 5 அன்று அர்ச்சிக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஒளித்து வைத்தவளை 1806இல் தங்கத் தேரில் ஏற்றித் தெருவில் இழுத்தார்கள். அந்தத் தேர் வருடா வருடம் ஓடுவதில்லை. கடைசியாக 2023இல் ஓடியபோது சனக்கடலில் கடற்கரைச் சாலையே தெரியவில்லை.

தேர் ஓடிய அந்த ஆண்டு அக்டோபரில் தருவைகுளம் மீனவர் 12 பேரை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்தது. அவர்கள் ஊர் திரும்பினார்கள், படகுக்குக் கோடிக்கணக்கில் அபராதம் விழுந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரம், மாதா திருவிழா நாட்களில், இதே ஊரின் 22 பேரை இலங்கைக் கடற்படை கொண்டுபோனது. இதைச் சமயத் துன்புறுத்தல் என்று நான் சொல்லமாட்டேன். எல்லைக்கோடும் குறைந்துவரும் மீனும் வட்டிக் கடனும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஆனால் இழப்பு வந்ததும் இந்தக் கரைக்காரர் செய்வது இன்றும் அதேதான்: மாதாவுக்கு முன்னால் முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்லிவிட்டு, எழுந்து மனு எழுதப் போகிறார்கள். இரண்டில் ஒன்றை விட்டு மற்றதைச் செய்யச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது.

தூத்துக்குடிச் சொரூபம் முந்நூறு ஆண்டுகளாகத் தன் கோயிலில் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் அலைகிற வேலை இப்போது அந்தக் கையகலப் படங்களுக்கு. படகு பிடிபட்டால் அயல் துறைமுகத்தில் கட்டிப்போட்ட இடத்தில், ஆளில்லாத சுக்கான் அறையில், ஓரம் சுருண்ட படமும் கூடவே கிடக்கிறது.