கூடமும் அடுப்பும்: ஜப்பானின் ஊர்க்கூடங்களும் ஜவ்வாதுமலைச் சாமையும்

1946ஆம் ஆண்டு ஜூலை மாதம். போரில் தோற்று, நகரங்கள் எரிந்து, மக்கள் கிழங்குக்கும் கஞ்சிக்கும் அலைந்துகொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் ஊர்தோறும் ஒரு பொதுக்கூடம் எழுப்புமாறு நாடெங்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பின்னணியில் இருந்தவர் தெரனாகா சாகுவோ என்ற அதிகாரி. படிக்கவும், பேசவும், கைத்தொழில் பழகவும், ஊர்ச் சிக்கல்களை ஊராரே கூடித் தீர்க்கவும் ஓரிடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். அதை அதே ஆண்டில் நூலாகவும் எழுதினார். 1949இல் இயற்றப்பட்ட சமூகக் கல்விச் சட்டம் இக்கூடங்களுக்குச் சட்ட உரிமை தந்தது. ‘கோமின்கான்’ எனப்படும் இந்த ஊர்க்கூடங்கள் இன்றும் ஏறக்குறைய 14,000 இயங்கிவருகின்றன.

இக்கூடங்களின் அமைப்பில் நாம் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வகுப்பறை, பாய் விரித்த அறை, சிறு நூலகம் ஆகியவற்றோடு பெரும்பாலான கூடங்களில் சமையலறையும் இருக்கும். அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திய மேசைகள் வரிசையாக நிற்க, மேசைக்கு நாலைந்து பேராகச் சேர்ந்து சமைப்பார்கள். சமைத்ததை அங்கேயே ஒன்றாக உட்கார்ந்து உண்பார்கள். ஒரு கிழமை மலரடுக்கும் கலையான இக்கெபானா, மறுகிழமை தூரிகை எழுத்து, இன்னொரு நாள் ஹைக்கூ, தேநீர்ச் சடங்கு, நாட்டுப்புற ஆட்டம் என்று நடக்கும் பயிற்சிகளுக்கு இணையான தகுதி அங்கே சமையலுக்கும் உண்டு. பணி ஓய்வு பெற்ற ஆண்களுக்கென்றே நடக்கும் சமையல் வகுப்புகள் பெயர் பெற்றவை. ஆண்டு முழுதும் பழகியதை இலையுதிர் காலத்துப் பண்பாட்டு விழாவில் ஊரார் முன் வைப்பார்கள். கலை என்று சபையேறியவற்றின் வரிசையில் சமையலையும் உட்காரவைத்ததே இந்தக் கூடங்கள் செய்த பெரிய காரியம்.

ஆனால் பொது அடுப்பு தானாகவே நன்மை செய்துவிடாது. அதை ஜப்பானின் வரலாறே சொல்கிறது. 1954இல் அமெரிக்கா தன் வேளாண் உபரியை வெளிநாடுகளில் விற்கச் சட்டம் இயற்றியது. அவ்வழி வந்த நிதியில், 1956 முதல் சமையல் மேடை பொருத்திய பேருந்துகள் ஜப்பானியக் கிராமங்களைச் சுற்றி வந்தன. கோதுமை மாவும் எண்ணெயும் கொண்டு செய்யும் புதிய பண்டங்களை ஊர்ப் பெண்களுக்குச் செய்துகாட்டுவதே அவற்றின் வேலை. செயல்விளக்கம் சுவையாகவும் இருந்தது. சத்துணவு அறிவும் அதில் கலந்திருந்தது. பள்ளி மதிய உணவிலும் ரொட்டியே இடம்பிடித்தது. சோறு உண்ணும் நாட்டின் பள்ளிகளில் சோறு முறையாகப் பரிமாறப்பட 1976வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊருக்கு வந்து கற்பிப்பவர் எந்தத் தானியத்தைக் கையில் எடுக்கிறாரோ, அத்தானியமே அடுத்த தலைமுறையின் நாவில் பதிகிறது.

இதற்கு மறுமொழி மலைநாட்டிலிருந்து வந்தது. நடு ஜப்பானில் மலைகள் சூழ்ந்த நகானோ மாநிலம் ஊர்க்கூடங்கள் மிகுந்த பகுதி. அம்மாநில அரசு 1983இல் தன் மலைக்கிராம உணவுகள் ஐந்தை மரபுச் செல்வங்களாக ஏற்றது. பக்வீட் மாவில் கையால் இழைத்த ‘சோபா’ நூலுணவோடு, காய்கறிப் பூரணம் வைத்துச் சுடும் ‘ஓயாகி’, கீரை ஊறுகாய், ‘சுங்கி’ ஆகியவை அவற்றில் அடங்கும். கிசோ பள்ளத்தாக்கில் உப்பு அரிதாகக் கிடைத்ததால், உப்பே சேர்க்காமல் சிவப்பு டர்னிப்வகைக் கீரையைப் புளிக்கவைத்து உருவானது சுங்கி. பற்றாக்குறையிலிருந்து பிறந்த அறிவு அது. ஒகாவா என்ற சிற்றூரில் 1986 முதல் முதியோரே ஓயாகி சுட்டு விற்கும் தொழிலை வளர்த்தார்கள். உணவுநல ஆர்வலர்களாகப் பயிற்சி பெற்ற இல்லத்தரசிகள் வீடுவீடாகச் சென்று மிசோ என்னும் சோயா விழுது கலந்த சூப்பின் உப்பை அளந்து, கூடங்களில் உப்புக் குறைத்த சமையலைக் கற்றுத்தந்தார்கள். பேருந்தில் வந்தவர் கற்பித்த காலம் போய், உள்ளூர்ப் பாட்டியே ஆசிரியையாக நின்ற காலம் அது. பின்னர் 2005இல் ஜப்பான் உணவுக் கல்விக்கென்றே அடிப்படைச் சட்டம் கண்டது. 2013இல் ‘வாஷோக்கு’ என்னும் ஜப்பானிய உணவு மரபு யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. இந்தப் பெருமைகளுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஊர்க்கூடத்து மேசைகளைச் சுற்றி நின்ற பெண்களும் உண்டு.

ஜவ்வாதுமலை வாசகருக்கு இவையெல்லாம் அயல்கதையாகத் தோன்றலாம். தானியத்தை எடுத்துப் பார்த்தால் உறவு தெரியும். ஜப்பானியர் ‘அவா’ என்பது நம் தினையேதான். அவர்களுடைய ‘கிபி’ நம் பனிவரகு; அதுவும் நம் சாமையும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ‘ஹியே’ நம் குதிரைவாலிக்கு உடன்பிறப்பு. வடகிழக்கு ஜப்பானின் இவாத்தே மலைப்பகுதியில் கோடையிலும் குளிர்காற்று வீசி நெல் பொய்த்த ஆண்டுகளில் ஹியேதான் மக்களைக் காத்தது. அறுத்த ஹியேயை ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, பிறகு குத்தி அரிசியாக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. புழுங்கலரிசி உண்ணும் நமக்கு அதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

குத்துவதிலும் இந்த ஒற்றுமை தொடர்கிறது. ககாவா பகுதியில் கிடைத்ததாகக் கருதப்படும் யாயோய் என்னும் பண்டைக் காலத்து வெண்கல மணி ஒன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்மேல் இருவர் எதிரெதிரே நின்று நெட்டுலக்கையால் உரலில் மாறிமாறிக் குத்தும் காட்சி கோட்டுருவமாக வார்க்கப்பட்டிருக்கிறது. அந்த உலக்கை நம் உலக்கையைப் போலவே நடுவில் ஒடுங்கி, கைப்பிடிக்கு இசைவாக இருக்கிறது. இன்று புத்தாண்டையொட்டி ஊர்க்கூட முற்றங்களில் நடக்கும், பசையரிசிப் பண்டமான மோச்சியின் இடிப்பில் குறுக்குப் பிடி வைத்த சம்மட்டி போன்ற உலக்கையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் ஒருவர் ஓங்க, ஒருவர் கைவிட்டுப் புரட்டித்தர, சுற்றி நிற்பவர் தாளத்துக்குக் குரல் கொடுக்கும் அந்தக் கூட்டுழைப்பு மாறவில்லை.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாதுமலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்க்கை சாமையோடு பின்னியது. வானம் பார்த்த சரிவு நிலத்தில், குறைந்த மழையில், ஏறக்குறைய மூன்று மாதத்தில் கைக்கு வரும் பயிர் அது. சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும், கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், காலத்துக்கேற்ற மொச்சையும் பலாக்கொட்டையும் சேர்ந்து ஒரு முழுமையான உணவு முறையாக இருந்தன. நியாயவிலைக் கடையில் 2011 முதல் விலையில்லா அரிசி வந்தது. பசியைப் போக்கிய நல்ல திட்டம் அது. மலைவாழ் மக்களுக்கு அதனால் கிடைத்த பாதுகாப்பைக் குறைத்துச் சொல்வது அறம் ஆகாது. அதே வேளையில், உமி நீக்கப் பெண்கள் மணிக்கணக்கில் உரலில் குத்த வேண்டிய சாமை, சமைக்க எளிய அரிசிக்கு முன் பின்வாங்கியதும் உண்மை. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் 2019இல் ஏ.டி.எல். 1 என்ற சாமை இரகத்தை வெளியிட்டது. கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானிய அரவை இயந்திரங்களை ஊர்க்குழுக்களிடம் ஒப்படைத்துப் பெண்களின் உழைப்பைக் குறைத்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. விதைக்கும் இயந்திரத்துக்கும் விளம்பரத்துக்கும் வழி பிறந்துவிட்டது. எஞ்சி நிற்பது அடுப்படி. சாமை சாக்கில் ஏறிச் சந்தைக்குப் போய், மலைவீட்டுப் பிள்ளையின் தட்டில் இல்லாமல் போனால் நாம் காத்தது பயிரை மட்டுமே ஆகும்.

இரு நாட்டு உணவையும் சடங்கையும் அருகருகே வைத்துப் பார்த்த அறிஞர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008), ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று கூறியவர். தமிழகத்தில் பொற்கோவும், யாழ்ப்பாணத்து அறிஞர்களான அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவரோடு இணைந்து பணியாற்றினார்கள். அவருடைய மொழியுறவுக் கொள்கையை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. எனினும் சனவரி 15இல் ஜப்பானிய ஊர்களில் கொண்டாடப்படும் ‘சிறு புத்தாண்டை’ அவர் பொங்கலோடு ஒப்பிட்டது இன்றும் ஆர்வமூட்டுகிறது. அன்று சிவப்புப் பயறு இட்டுக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். பழைய அலங்காரங்களைச் சொக்கப்பனையாக எரிக்கிறார்கள். பறவைகளை ஓட்டும் பாட்டைப் பிள்ளைகள் பாடுகிறார்கள். கனிமரத்தைத் தட்டி, நன்றாகக் காய்க்க வேண்டும் என்று அதனிடமே உறுதி வாங்கி, அடிமரத்தில் கஞ்சியை ஊற்றுகிறார்கள். இவ்வொற்றுமைகளுக்கு மூலம் ஒன்றுதானா என்பதை ஆய்வுலகம் பார்த்துக்கொள்ளட்டும். உழவர் இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இந்த ஒற்றுமையே போதும்.

அத்தகைய அறிமுகத்துக்குத் தமிழகத்தில் பாலம் ஏற்கெனவே இருக்கிறது. ஜப்பானில் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பியோர் அமைத்த ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் தமிழ்நாடு மையம் சென்னையில் ஜப்பானிய மொழி வகுப்புகளையும் மொழித்தேர்வையும் பண்பாட்டு நிகழ்ச்சிகளையும் நடத்திவருகிறது. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளை ஒட்டி வாழும் ஜப்பானியக் குடும்பங்களும் பல. நகரத்தில் நடக்கும் இந்தப் பழக்கம் மலைக்கும் ஏற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

ஏறும்போது முறை ஒன்று வேண்டும். ஜவ்வாதுமலையின் ஜமுனாமரத்தூரிலோ சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றிலோ இருக்கும் மகளிர் குழுக் கட்டடம் அல்லது சமுதாயக் கூடம் போதும். புதிதாக எழுப்ப வேண்டியதில்லை. அங்கே மாதம் ஒரு நாள் பொது அடுப்பு எரியட்டும். முதல் ஆசிரியை அந்த ஊரின் மூத்த பெண்ணாக இருக்கட்டும். சாமையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எவ்வளவு நீர் வைப்பது, எந்தக் கீரையை எந்தப் பருவத்தில் பறிப்பது என்பதை அவர் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதிவைக்கட்டும். அதன் பிறகு விருந்தினர் வரட்டும். அரிசியோடு ஒரு பிடி சிறுதானியம் கலந்து சமைக்கும் ஜப்பானிய வழக்கம் ரேஷன் அரிசி உண்ணும் இம்மலை வீடுகளுக்கு நேரே பொருந்தும். வெந்த கீரையைப் பிழிந்து, வறுத்து இடித்த எள்ளில் பிசையும் அவர்கள் முறைக்கு வேண்டியவை எல்லாம் இங்கே உண்டு. உப்பில்லா ஊறுகாய் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு உதவும். பசைத்தன்மை கொண்ட தினை வகையில் அவர்கள் மோச்சி செய்வதை இங்குள்ளோர் பார்க்கலாம். சாமையில் அந்தப் பசை இல்லாததால் அதற்குரிய பண்டம் வேறு என்பதை வந்தவர்கள் கற்றுக்கொள்ளலாம். காலை உணவுத் திட்டத்தில் 2022 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்துவரும் மகளிர் குழுவினர் இக்கூடத்துக்கு வந்தால், கற்றது நேரே வகுப்பறைக்குப் போய்ச் சேரும்.

ஜப்பானின் முக்கால் நூற்றாண்டு அனுபவம் நமக்குத் தரும் பாடம் தெளிவானது. பொது அடுப்பில் எந்த உணவு வேக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்த ஊர்ப் பெண்களிடம் இருந்தால், எத்தனை தொலைவிலிருந்து வரும் கலையும் சமையலும் அவ்வூரை வளப்படுத்தும். அந்த உரிமை வெளியாரிடம் போனால், எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும் ஊரின் தானியம் தோற்கும். ஜவ்வாதுமலையில் ஜப்பானியப் பண்பாட்டு நிகழ்ச்சி நடத்த முன்வரும் ஒவ்வோர் அமைப்பும் தன் நிகழ்ச்சி நிரலின் முதல் வரியில் மலையாளிப் பெண் ஒருவரின் பெயரை எழுதிவிட்டுத் தொடங்குமானால், அது விருந்தோம்பலுக்கும் நீதிக்கும் ஒருசேரப் பொருந்திய தொடக்கமாக அமையும்.