காய்க்காத மரத்துக்குக் கல்லடி இல்லையா? - அரிய இயங்குதளங்களின் கதை

காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். கணினி உலகில் இந்தப் பழமொழியை நம்பியவர்கள் ஏராளம். ஊரே விண்டோஸ் வைத்திருக்கும்போது, பெயர்கூடத் தெரியாத ஓர் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டால் வைரஸ் எழுதுபவன் கண்ணில் படமாட்டோம், ஒட்டுக்கேட்பவன் காதிலும் விழமாட்டோம் என்பது அவர்களுடைய கணக்கு. பார்க்க எளிமையான கணக்குதான். ஆனால் சரியான கணக்கா? நாற்பது ஆண்டு வரலாறு இதற்கு முதலில் 'ஆம்' என்றது. பிறகு 'பொறு' என்றது. கடைசியில் வேறு எதையோ சொன்னது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

கூட்டம் எங்கேயோ, கள்ளன் அங்கே

1982-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 15 வயதுப் பள்ளி மாணவன் ரிச் ஸ்க்ரெண்டா, நண்பர்களைக் கேலி செய்வதற்காக 'எல்க் குளோனர்' என்ற நிரலை எழுதினான். வீட்டுக் கணினிகளிடையே பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று அது. அது தொற்றியது விண்டோஸில் அல்ல. அப்போது விண்டோஸே கிடையாது. அன்று மாணவர்கள் கையில் இருந்தது ஆப்பிள் 2 கணினி. அதனால் வைரஸும் அதற்கே வந்தது.

1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் இருந்து 'பிரெய்ன்' வைரஸ் கிளம்பியபோது காட்சி மாறியிருந்தது. அதற்குள் ஐபிஎம் கணினிகள் உலகமெங்கும் அலுவலகங்களில் நுழைந்துவிட்டன. வைரஸும் இடம் மாறிவிட்டது.

1990-களின் இறுதியில் மேசைக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸில் ஓடின. விளைவு தெரிந்ததுதான். 1999 மார்ச்சில் 'மெலிசா', பாதிக்கப்பட்டவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு காதல் கடிதம் வந்தது. 'ஐ லவ் யூ' என்ற அந்த மின்னஞ்சலின் இணைப்பைச் சொடுக்கியவர்களின் கோப்புகள் அழிந்தன. 2003 ஜனவரி 25-ல் வந்த 'ஸ்லாமர்' வெறும் 376 பைட் அளவுதான். ஆனால் தொற்றக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைச் சுமார் 10 நிமிடங்களில் பிடித்துவிட்டது. மனிதர்கள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை, சந்தைக் கணக்குதான். ஒரு வைரஸை எழுதும் உழைப்பு ஒரே அளவு. நூறு பேர் வைத்திருக்கும் இயங்குதளத்துக்கு எழுதுவதா, பத்துக் கோடிப் பேர் வைத்திருப்பதற்கு எழுதுவதா? கள்ளனும் முதலுக்கு ஏற்ற லாபம் பார்ப்பவன்தான்.

ராணுவம் மாறியது

இந்தக் கணக்கை அமெரிக்க ராணுவமும் போட்டது. 1999 ஜூன் மாதம் அதன் இணையதளத்தின் முகப்பை ஒரு கும்பல் மாற்றி எழுதிவிட்டது. தளம் அப்போது விண்டோஸ் என்டி வழங்கியில் ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களில் ராணுவம் அதைத் தூக்கிவிட்டு, மேக் கணினியில் 'வெப்ஸ்டார்' என்ற மென்பொருளுக்கு மாறியது. அன்றைய பழைய மேக் இயங்குதளத்தில் தொலைவிலிருந்து உள்ளே புகுந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வழியே இல்லை. வழங்கியாக அதைப் பயன்படுத்தியவர்களும் மிகக் குறைவு. சந்தையில் தோற்றுக்கொண்டிருந்த ஒன்று பாதுகாப்பில் ஜெயித்தது!

இதற்கு ஆய்வு வடிவம் கொடுத்தது 2003 செப்டம்பரில் வெளிவந்த ஓர் அறிக்கை. டான் கீர், புரூஸ் ஷ்னையர் உள்ளிட்ட ஏழு வல்லுநர்கள் சேர்ந்து எழுதியது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை எல்லாரும் வைத்திருப்பது நாட்டுக்கே ஆபத்து என்பது அதன் சாரம். ஒரே பயிரை ஊர் முழுக்கப் போட்டால் ஒரே நோயில் எல்லாம் போய்விடும். 1845-ல் தொடங்கிய அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சம் அப்படித்தான் வந்தது. கீர் பணியாற்றிய நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வாடிக்கையாளர். அறிக்கை வெளிவந்த அதே வாரத்தில் அவர் வேலையை இழந்தார். ஏகபோகத்தின் விலையைப் பற்றி எழுதியவர், அதில் ஒரு பகுதியைத் தானே கட்ட வேண்டியதாயிற்று.

1883-ல் வந்த எச்சரிக்கை

ஆனால் இந்த நம்பிக்கைக்கு எதிரான வாதம் கணினி பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஒகுஸ்த் கெர்க்காஃப்ஸ் என்ற மொழிப் பேராசிரியர் 1883-ல் பிரெஞ்சு ராணுவ இதழ் ஒன்றில் சங்கேத எழுத்து பற்றி எழுதினார். சங்கேத முறை எதிரியின் கையில் சிக்கினாலும் பாதிப்பு இருக்கக்கூடாது, சாவி மட்டுமே ரகசியமாக இருந்தால் போதும் என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. வேறு மாதிரி சொன்னால், பூட்டு நல்ல பூட்டாக இருக்க வேண்டும். வீடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததைப் பாதுகாப்பு என்று எண்ணக்கூடாது.

இந்த விதியின் அருமை 2012-ல் மேக் பயனர்களுக்குப் புரிந்தது. மேக்கில் வைரஸ் வராது என்று விளம்பரங்களே பெருமையடித்த காலம் அதற்குச் சற்று முன்புதான். 2012 ஏப்ரலில் 'ஃபிளாஷ்பேக்' என்ற தீநிரல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணினிகளைப் பிடித்திருப்பது தெரியவந்தது. அது நுழைந்தது ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாக. விண்டோஸுக்கு அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஆப்பிள் தன் பயனர்களுக்கு அதைக் கொடுத்தது ஏப்ரலில்தான். மேக் விற்பனை கூடியது, மரம் காய்க்கத் தொடங்கியது, கல்லும் வந்தது. அதுவரை பூட்டைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லாமல் போனதுதான் பெரிய நஷ்டம்.

பூட்டை நம்பியவர்கள்

அரிதாக இருந்தும் அரிதாக இருப்பதை நம்பாத ஓர் இயங்குதளம் உண்டு. அதன் பெயர் ஓப்பன்பிஎஸ்டி. நெட்பிஎஸ்டி குழுவிலிருந்து விலக நேர்ந்த தியோ டி ராட், 1995-ல் கனடாவின் கால்கரியில் இருந்து இதைத் தொடங்கினார். 1996 முதல் இந்தக் குழு தன் மூலநிரலை வரி வரியாகப் படித்துத் தவறு தேடும் வேலையில் இறங்கியது. மூலநிரல் மாற்றங்களை இணையத்தில் எவரும் உடனுக்குடன் பார்க்கலாம் என்று திறந்தும் வைத்தது.

கனடாவில் இருந்தது இன்னொரு விதத்திலும் உதவியது. 1990-களில் வலுவான சங்கேத மென்பொருளை அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டத் தடைகள் இருந்தன. கனடாவிலிருந்து அதை இயங்குதளத்தோடு சேர்த்தே வெளியிட முடிந்தது. இந்தக் குழு 1999-ல் வெளியிட்ட 'ஓப்பன்எஸ்எஸ்எச்' இன்று உலகின் பெரும்பாலான லினக்ஸ் வழங்கிகளில் இருக்கிறது. ஓப்பன்பிஎஸ்டி பெயரே கேள்விப்படாதவரின் வங்கிக் கணக்கையும் அதன் உழைப்பு ஏதோ ஒரு மூலையில் காத்துக்கொண்டிருக்கலாம்.

வார்சாவில் ஜோவான்னா ருட்கோவ்ஸ்கா தலைமையில் உருவாகி 2012 செப்டம்பரில் முதல் பதிப்பைக் கண்ட 'கியூப்ஸ்' இன்னொரு வழியில் சென்றது. எந்த மென்பொருளிலும் ஓட்டை இருந்தே தீரும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டது. அதனால் வங்கி வேலை ஓர் அறையில், மின்னஞ்சல் இன்னோர் அறையில் என்று கணினியையே தனித்தனி அறைகளாகப் பிரித்தது. ஓர் அறையில் தீப்பிடித்தால் வீடே எரியக்கூடாது என்பது எண்ணம்.

அரிதாக இருப்பதே அடையாளம்

இதுவரை பேசியது வைரஸ் எழுதுபவனைப் பற்றி. அந்தரங்கம் என்று வரும்போது எதிராளி வேறு. அவன் கூட்டத்தைத் தேடுவதில்லை, ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடுகிறான். இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது.

2009-ல் வெளிவந்த 'டெய்ல்ஸ்' டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. யுஎஸ்பி குச்சியிலிருந்து ஓடும், இணையத்துக்கு டோர் வலையமைப்பு வழியாக மட்டுமே போகும், அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களில் பணியாற்றிய லாரா பொய்ட்ராஸ், கிளென் கிரீன்வால்ட் ஆகியோர் இதைப் பயன்படுத்தியிருந்தனர். அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பின் கண்ணில் மண் தூவிய கருவி என்று அது புகழ்பெற்றது.

ஆனால் 2014 ஜூலையில் ஜெர்மன் பொதுத் தொலைக்காட்சி இன்னொரு செய்தியை வெளியிட்டது. என்எஸ்ஏ-வின் 'எக்ஸ்கீஸ்கோர்' கண்காணிப்பு அமைப்பின் விதிகள் சில அதற்குக் கிடைத்திருந்தன. இணையத்தில் டெய்ல்ஸைப் பற்றித் தேடினாலே, அந்தத் தேடலைக் குறித்துவைக்கும் விதி அதில் இருந்தது! ஒளிந்துகொள்ள இடம் தேடியவரை, தேடியதற்காகவே பட்டியலில் சேர்த்தார்கள். ஆயிரம் பேர் நடக்கும் தெருவில் ஒருவர் மட்டும் முகமூடி போட்டு நடந்தால், முகம் தெரியாது என்பது உண்மை. எல்லாரும் பார்ப்பது அவரைத்தான் என்பதும் உண்மை.

சாதாரண வணிகக் கண்காணிப்பிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 4,70,000 உலாவிகள் பரிசோதிக்கப்பட்டன. எழுத்துருக்கள், திரை அளவு, இயங்குதளம் போன்ற விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் 83.6 சதவீத உலாவிகள் தனித்தனியே அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. குக்கீ தேவையில்லை, பெயர் தேவையில்லை. யாரும் வைத்திருக்காத இயங்குதளத்தை ஒருவர் வைத்திருந்தால், அவரைக் கண்டுபிடிக்கும் வேலையை அவரே பாதி செய்து கொடுத்துவிடுகிறார்.

டோர் வலையமைப்பை உருவாக்கியவர்களுக்கு இது முதலிலேயே தெரியும். அதன் அடிப்படை ஆய்வு 1990-களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் நடந்தது. கடற்படை மட்டும் அதைப் பயன்படுத்தினால், அதன் வழியே போகும் ஒவ்வொரு செய்தியும் கடற்படையுடையது என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். எனவே பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டியிருந்தது. தனியாக ஒளிய முடியாது. ஒளிவதற்கும் துணை வேண்டும்.

தோட்டக்காரனே கள்ளன் என்றால்?

அரிய இயங்குதளத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை உருவாக்கியது யார்? வடகொரியாவின் 'ரெட் ஸ்டார்' உலகில் மிகச் சிலரே கையாண்ட இயங்குதளம். ஜெர்மன் ஆய்வாளர்கள் இருவர் அதைப் பிரித்துப் பார்த்து 2015 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டனர். யுஎஸ்பி குச்சியில் வரும் படங்களிலும் ஆவணங்களிலும் அந்தக் கணினியின் அடையாளத்தை அது சத்தமில்லாமல் பதித்துவிடுகிறது. ஒரு கோப்பு எந்தெந்தக் கைகளைக் கடந்தது என்று அரசால் பின்தொடர முடியும்.

'ஆனோம்' கதை இதைவிடச் சுவாரசியமானது. ரகசியத் தொலைபேசி என்ற பெயரில் குற்றக் கும்பல்களிடையே ஒரு கைபேசி விற்பனையானது. தனி இயங்குதளம், கால்குலேட்டர் வேடத்தில் ஒளிந்திருக்கும் அரட்டைச் செயலி, கடையில் கிடைக்காத பொருள் என்று எல்லாக் கவர்ச்சியும் இருந்தது. 12,000 கருவிகள் வரை புழங்கின. 2021 ஜூனில் உண்மை வெளியானது: அதை நடத்தியதே எஃப்பிஐ-தான். சுமார் 2.7 கோடிச் செய்திகளைப் போலீஸ் படித்திருந்தது. உலகமெங்கும் 800-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குற்றவாளிகள் பிடிபட்டது நல்லதே. ஆனால் பாடம் நல்லவர்களுக்கும் பொருந்தும். மூலநிரலை எவரும் பார்க்க முடியாத, சிலருக்கு மட்டுமே தெரிந்த பொருளில், 'ரகசியம்' என்ற சொல்லுக்கு விற்பவனின் வாய்ச்சொல் மட்டுமே உத்தரவாதம்.

மிச்சம் என்ன?

அரிய இயங்குதளம் வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு வலை வீசுபவனிடமிருந்து அது இன்றும் ஓரளவு தப்பவைக்கும். ஆனால் அது பூட்டு அல்ல, வாசலில் கட்டிய திரைச்சீலை. ஆளைக் குறிவைத்து வருபவன் அதை விலக்கிப் பார்ப்பான். டெய்ல்ஸ், ஓப்பன்பிஎஸ்டி, கியூப்ஸ் ஆகியவை இன்றும் மதிக்கப்படக் காரணம் அவை அரிதானவை என்பதல்ல. மூலநிரல் திறந்திருக்கிறது, தவறுகள் வெளிப்படையாகத் திருத்தப்படுகின்றன, எதிரி எல்லாம் அறிந்தவன் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. கெர்க்காஃப்ஸ் கேட்டதும் அதைத்தான்.

2024 செப்டம்பரில் டெய்ல்ஸ் குழு டோர் அமைப்போடு இணைந்துவிட்டது. சிறிய குழு தனியாக நிர்வாகச் சுமையைத் தாங்குவது கடினம் என்பது ஒரு காரணம். இந்த வரலாற்றின் சாரமே அந்த இணைப்பில் இருக்கிறது என்று சொல்லலாம். ஆவணத்தைக் கையில் வைத்திருக்கும் பத்திரிகையாளருக்கோ, அவரிடம் உண்மையைச் சொல்லத் துணிந்த ஊழியருக்கோ உண்மையில் பாதுகாப்பு தருவது, அவர்களைப் போலவே அதே கருவியைப் பயன்படுத்தும் லட்சக்கணக்கான சாதாரண மனிதர்கள். ஒளிக்க எதுவும் இல்லாதவரும் அதைப் பயன்படுத்தும்போதுதான், ஒளிக்க வேண்டியவருக்கு நிழல் கிடைக்கிறது.

காய்த்த மரம் கல்லடி படும் என்பது சரிதான். அதே ஊரில் இன்னொரு பழமொழியும் உண்டு: தனிமரம் தோப்பாகாது.