ஒலித்தட்டுக் காலம் – 17: பட்டியலுக்குள் அடங்காத பிரேக்மேன்

1961-ஆம் ஆண்டு கன்ட்ரி இசைக்கான புகழ் மண்டபத்தை நாஷ்வில்லில் தொடங்கியபோது முதல் வரிசையில் மூன்று பெயர்களைச் சேர்த்தார்கள். பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ், பாடலாசிரியரும் பதிப்பாளருமான ஃப்ரெட் ரோஸ், ஜிம்மி ராட்ஜர்ஸ். ராட்ஜர்ஸ் இறந்து அப்போது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இசைத்தட்டுக்குப் பாடியதோ ஆறே ஆண்டுகள். அப்படியிருந்தும் 'கன்ட்ரி இசையின் தந்தை' என்ற பட்டம் அவருக்குத்தான் நிலைத்தது. அந்தப் பட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மலைநாட்டு வெள்ளையர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கலப்பில்லாமல் காத்துவந்த இசைதான் கன்ட்ரி என்று இன்றும் பலர் நம்புகிறார்களே, அதோடுதான் சண்டை. தந்தை என்று அவர்கள் கைகாட்டும் மனிதரின் இசைத்தட்டுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டால் அந்த நம்பிக்கை கரைந்துவிடும். கம்பெனிகளின் விலைப்பட்டியலும் பதிப்புரிமைக் கணக்கும் சேர்ந்து போட்ட வேலியைத்தான் நாம் இசையின் எல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ராட்ஜர்ஸ் 1897 செப்டம்பர் 8 அன்று பிறந்தவர். மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் ஊர்க்காரர் என்று அறியப்பட்டவர். தாய் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். தந்தை மொபைல் அண்ட் ஒஹையோ ரயில்பாதையில் தண்டவாளப் பராமரிப்புக் குழுவுக்கு மேஸ்திரி. அந்தக் குழுக்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். தண்டவாளத்தைக் கடப்பாரையால் நெம்பி நேராக்கும்போது எல்லோர் கையும் ஒன்றாக இயங்கப் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டுபோன சிறுவன் அங்கேதான் பாட்டையும் வாத்தியத்தையும் பழகினான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அவர் மனைவி கேரி 1935-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் அன்பு மிகுந்த இடங்களும் மெருகேற்றிய இடங்களும் நிறைய உண்டு என்பதால், தண்ணீர்வாளிக் கதையை மட்டும் நம்பி வாதத்தை எழுப்பத் தேவையில்லை. பாட்டுகளே போதும். பின்னாளில் ரயிலில் பிரேக்மேனாக வேலை பார்த்தவர், 1924-இல் காசநோய் என்று தெரிந்தபிறகு அந்த வேலையில் நீடிக்க முடியாமல் பாட்டைப் பிழைப்பாக்கிக்கொண்டார். ஊர் ஊராகப் போகும் கூடாரக் கச்சேரிகள், நாட்டுப்புற நடனங்கள், வானொலி என்று எது கிடைத்தாலும் பாடினார். மேடையில் எந்தப் பாட்டுக்குக் கைதட்டல் விழுகிறதோ அந்தப் பாட்டு அவருடையது.

1927 கோடையில் விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் டென்னசி–வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் நகருக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்தார். குழல் முன் நாய் உட்கார்ந்திருக்கும் முத்திரை விக்டருக்கும் உண்டு. நம் ஊர்ப் பழைய தட்டுகளில் பார்த்த அதே நாய்தான். பழைய தொப்பிக் கிடங்கு ஒன்று ஒலிப்பதிவுக்கூடமானது. ராட்ஜர்ஸ் ஒரு குழுவோடு வந்தார். தட்டில் யார் பெயரைப் போடுவது என்ற தகராறில் குழு உடைந்தது. ஆகஸ்ட் 4 அன்று தனியாகக் கிதாரோடு நின்று இரண்டு பாட்டுகள் பாடி நூறு டாலர் வாங்கிக்கொண்டு போனார். இந்த இடத்தில் பியரின் பிழைப்பு எப்படி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் விக்டரிடம் சம்பளம் கேட்கவில்லை. பதிவு செய்யும் பாட்டுகளின் பதிப்புரிமையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். அச்சில் ஏற்கெனவே வந்த பாட்டாக இருந்தால் ராயல்டி வேறொருவருக்குப் போய்விடும். அதனால் 'சொந்தமாக எழுதிய' பாட்டோ, சொந்தம் என்று பதிவு செய்யக்கூடிய அளவுக்கு மாற்றிய பழைய பாட்டோ கொண்டுவரும் பாடகர்தான் அவருக்கு வேண்டும். தானே எழுதித் தானே பாடும் கிராமத்துக் கலைஞன் என்று பின்னாளில் போற்றப்பட்ட பிம்பத்துக்கு இந்தக் கணக்கு ஒரு தாய்வீடு.

அந்த ஆண்டு நவம்பரில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் ராட்ஜர்ஸ் பாடிய 'ப்ளூ யோடல்' தென்மாநிலங்களைப் பிடித்து உலுக்கியது. முதல் அடியை இருமுறை பாடி மூன்றாம் அடியில் முடிச்சுப் போடும் அதன் கட்டு, கறுப்பினத்தவரின் ப்ளூஸ் கட்டு. அதன் வரிகள் பலவும் ஏற்கெனவே வாய்வழியாக அலைந்துகொண்டிருந்தவை. கடைசியில் அவர் குரலை உடைத்து எழுப்பும் யோடல் ஒன்றுதான் புதிது. அந்த யோடலைக் காட்டி ஒரு மறுப்பு வரும்: யோடல் ஆல்ப்ஸ் மலை இடையர்களின் குரல், எனவே இது ஐரோப்பியச் சொத்துதானே? மூலம் அதுவாகவே இருக்கட்டும், ராட்ஜர்ஸின் காதுக்கு வந்த பாதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அமெரிக்கப் பொழுதுபோக்கு மேடைகளில் யோடல் புழங்கியது. கறுப்பினக் கலைஞர்களும் அதைப் பாடினார்கள். பிரிஸ்டலில் ராட்ஜர்ஸ் பாடிய இரண்டு பாட்டுகளில் ஒன்று 'ஸ்லீப், பேபி, ஸ்லீப்'. அதே பாட்டைச் சில ஆண்டுகளுக்கு முன்பே யோடலோடு இசைத்தட்டில் பாடியிருந்தவர் சார்லஸ் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகர். ஆனால் கடைக்காரர் கையில் கம்பெனிகள் கொடுத்த பட்டியலில் இவருக்கும் அவருக்கும் ஒரே பக்கத்தில் இடமில்லை. உதாரணமாக, கொலம்பியா கம்பெனி கறுப்பினத்தவர் பாடியவற்றுக்கு 14000 வரிசை எண்களையும், கிராமத்து வெள்ளையர் பாடியவற்றுக்கு 15000 வரிசை எண்களையும் ஒதுக்கியிருந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். விக்டரும் அந்த வழிக்கே வந்தது. பாடியவரின் தோலைப் பார்த்து எண் கொடுத்தார்கள். ராகத்தைக் கேட்டு யாரும் கொடுக்கவில்லை.

1930 ஜூலை 16 அன்று ஹாலிவுட்டில் பதிவான 'ப்ளூ யோடல் எண் 9' இதற்கு நேரடிச் சாட்சி. டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ அவர் மனைவி லில் ஹார்டின். ஜாஸ் உலகின் பெரிய பெயரைத் தட்டின் லேபிளில் போட்டு விற்றிருக்கலாம். போடவில்லை. வாங்கியவர்கள் ராட்ஜர்ஸின் பெயரை மட்டும் பார்த்தார்கள். ஹவாய்க்காரரான ஜோ கைப்போ இவரோடு ஸ்டீல் கிதார் வாசித்தார். இன்று கன்ட்ரி என்றதும் காதில் வரும் அந்த வழுக்கும் நாதமே பசிபிக் தீவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். 1931-இல் லூயிவில் நகரில் ஜாடியை ஊதிச் சுருதி சேர்க்கும் கறுப்பின ஜக் பேண்டோடும் பாடினார்.

இதற்கு வலுவான மறுப்பு கார்ட்டர் குடும்பம். பிரிஸ்டலில் ராட்ஜர்ஸுக்கு மூன்று நாள் முன்பு பாடத் தொடங்கிய வர்ஜீனியா மலைக் குடும்பம் அது. ராட்ஜர்ஸ் ஊர் சுற்றி, கண்டதையும் கலந்தார். தேவாலயப் பாட்டையும் பழைய கதைப்பாட்டையும் காத்த கார்ட்டர்களே மெய்யான வேர் என்பார்கள். அந்த வேரையும் தோண்டிப் பார்க்கலாம். குடும்பத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போகும்போது உடன் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்ள, மெட்டை மனதில் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் வாசித்துக் காட்டுவது ரிடிலின் வேலை. வெளிவந்த தட்டுகளில் பாடலாசிரியராக இருப்பது கார்ட்டரின் பெயர். கலப்பில்லாத வேர் அங்கேயும் அகப்படவில்லை.

அப்படியானால் ராட்ஜர்ஸ் வெறும் திருடர்தானே என்று இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள். பாதி நியாயம் இருக்கிற கேள்வி. ஊர்ப் பொதுவாக அலைந்த வரிகளுக்கு ஒருவர் பெயரில் ராயல்டி போனது. அந்த வரிகளை வளர்த்தவர்கள் வீட்டுக்கு ஒரு காசும் போகவில்லை. அவர் பெயரில் புகழ்பெற்ற பாட்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் மனைவியின் அக்கா எல்சி மெக்வில்லியம்ஸின் கை உண்டு. அவற்றில் பலவற்றில் அவர் பெயரே வராமல் போயிற்று. இந்த அநியாயம் உண்மை. ஆனால் திருட்டு என்ற ஒரே சொல், கேட்டவர்களை விட்டுவிடுகிறது. மிசிசிப்பியின் ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் உல்ஃப், ராட்ஜர்ஸ்போல யோடல் பாட முயன்று வராததால்தான் தன் ஊளைக் குரல் பிறந்தது என்று சொன்னவர். கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து வந்தது மறுபடி அவர்களிடமே போய் வேறொன்றாகியிருக்கிறது. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் 1950-இல் ஒலிப்பதிவு செய்த ஹியூ ட்ரேசிக்கு 'செமிரோச்சா' என்ற பாட்டு கிடைத்தது. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பெயர் அவர்கள் நாவில் அப்படி உருண்டு, பாதி மனிதன் பாதி மான் உருவில் ஒரு தேவனாகியிருந்தது. கிராமபோனில் கேட்ட குரலை அவர்கள் தங்கள் யாழுக்கு ஏற்றிக்கொண்டார்கள். கடைக்காரரின் பட்டியல் அவர்களுக்கு எட்டாததால், இது வெள்ளையர் பாட்டு என்று ஒதுங்க அவசியம் நேரவில்லை.

காசநோய் அவரை விடவில்லை. அதையும் 'டி.பி. ப்ளூஸ்' என்று பாட்டாக்கி விற்றார். டெக்சாஸின் கெர்வில்லில் 1929-இல் கட்டிய மாளிகை கையைவிட்டுப் போனது. பொருளாதார மந்தம் தட்டு விற்பனையையும் தின்றது. 1933 மே மாதம் நியூயார்க்கில் பாட்டுக்குப் பாட்டு இடையே கட்டிலில் படுத்து எழுந்து கடைசித் தட்டுகளைப் பாடினார். மே 26 அன்று அங்கேயே ஓட்டல் அறையில் இறந்தபோது வயது முப்பத்தைந்து. சவப்பெட்டி ரயிலில் மெரிடியன் போனது. அதற்குப் பிறகு வந்த ஜீன் ஆட்ரி, எர்னஸ்ட் டப், ஹாங்க் ஸ்னோ எல்லோரும் அவரைப்போலப் பாடித் தொடங்கியவர்கள். அவர்கள் வழியாகக் கௌபாய் தொப்பியும் குதிரையும் பிம்பத்தில் ஒட்டிக்கொள்ள, ஆம்ஸ்ட்ராங்கும் கைப்போவும் பின்னால் போனார்கள்.

போகாமல் தடுக்க வழி இருந்ததா என்றால், இருந்தது. 1931-இல் அதே லூயிவில் பதிவுகளின்போது 'லெட் மீ பி யுவர் சைட் ட்ராக்' என்ற பாட்டை ராட்ஜர்ஸ் இரு விதமாகப் பாடினார்: ஒன்று தனியாக, மற்றொன்று கிளிஃபர்ட் கிப்சன் என்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞரின் கிதாரோடு. விக்டர் வெளியிட்டது தனியாகப் பாடியதை. கிப்சன் வாசித்த பதிவு பல பத்தாண்டுகள் கம்பெனிக் கிடங்கிலேயே கிடந்தது.