கோல்ஃப் ஜிடிஐ: துருவோடு ஒரு நெடும்போர்

1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ அறிமுகமானபோது, 5,000 கார்கள் விற்றால் போதும் என்பதே கணக்கு. முதல் தலைமுறையே நான்கரை லட்சத்தைத் தாண்டியது.

1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. கட்டம் போட்ட இருக்கைத் துணியும் கோல்ஃப் பந்து வடிவ கியர் குமிழும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற வடிவமைப்பாளர் தந்தவை. அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

நெடுநாள் வைத்திருந்தவர்களுக்குத் துருதான் எமன். பெட்ரோல் ஊற்றும் குழாயின் உட்புறம் அரித்து, துருத்தூள் டேங்கில் இறங்கி, எரிபொருளை அளந்து செலுத்தும் நுட்பமான கருவியை அடைத்துவிடும். வண்டி திணறும்.

பிரிட்டனுக்குப் போன வண்டிகளில் துருவோடு இன்னொரு குறையும் இருந்தது: ஸ்டீயரிங் வலப்பக்கம் மாறியும் பிரேக் பூஸ்டர் இடப்பக்கமே தங்கிவிட்டது. மிதிக்கும் அழுத்தம் குறுக்குத் தண்டு வழியாகப் போனதால் பிரேக் மந்தம். பழகியவர்கள் முன்கூட்டியே மிதித்தார்கள்.