துருமாலியும் கண்ணாடிக் குழாயும்: ஃபெரோமின், லேசர் படிக வரலாற்றில் தமிழர் பங்கு குறித்து

வட சிலாங்கூரில் பாகான் நக்கோடா ஓமாரை அடுத்த தோட்டப்புறத்தில் வளர்ந்த எமக்குப் படிகம் என்பது பூசைத் தட்டிலிருந்த கற்கண்டாகவே முதலில் அறிமுகமாயிற்று. கற்கண்டின் நடுவே நூல் ஒன்று ஓடும். செறிந்த சர்க்கரைப் பாகில் தொங்கவிட்ட அந்நூலைப் பற்றிக்கொண்டே கட்டி வளர்கிறது என்பதைப் பின்னரே அறிந்தோம். மூடி வைக்க மறந்தால் கடற்காற்றில் அது சில நாள்களிலேயே கசியத் தொடங்கும். படிகம் வளரப் பற்றுக்கோடு ஒன்று வேண்டும் என்பதும் ஈரம் அதற்குப் பகை என்பதும் இக்கட்டுரைப் பொருளுக்கு மிகவும் வேண்டப்படுவன.

அறிவியல் வரலாற்றைத் தமிழில் எழுதுவோரிடம் எல்லாம் நம்மிடமே இருந்தன என்னும் முழக்கம் மிகுதியாகக் காணப்படுகின்றது. நம் வட்டாரத்து மண்ணில் கிடைத்த பொருள் வேறு. நம்மவர் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த முறை வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே நம் நோக்கமாகும்.

முதலாவதற்கு இலங்கைத் துருமாலிக் கல் தக்க சான்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர் இக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். சூடேற்றினால் சாம்பலை இழுத்துப் பின் உதறும் இதன் இயல்பைக் கண்டு ‘சாம்பல் இழுப்பான்’ என்றே டச்சுக்காரர் இதற்குப் பெயரிட்டனர். 1756இல் ஏப்பினுசு என்னும் அறிஞர், சூடேறிய கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிரான மின்னூட்டம் தோன்றுவதை நிறுவினார். வெப்பமின் ஆய்வின் அடித்தளம் இதுவே. ஆயினும் துருமாலி என்பது சிங்களப் பெயர்; ஆய்வு நிகழ்ந்த இடமோ ஐரோப்பா. கல் ஈழத்தது என்பதற்கு மேல் இதில் நாம் உரிமை கொண்டாட ஒன்றுமில்லை.

துருமாலியின் மின்முனைவை வெளிமின்புலத்தால் திருப்ப இயலாது. அவ்வாறு திருப்பக்கூடிய முனைவுள்ள படிகங்களையே ஃபெரோமின் படிகங்கள் என்கிறோம். இரும்பு காந்தப்புலத்தில் காட்டும் தயக்கத்தை ஒத்த இயல்பை ரோஷெல் உப்பில் 1920இல் ஜோசப் வலாசெக் கண்டறிந்தார். அவ்வுப்பு 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருந்து வணிகர் ஒருவர் ஆக்கிய பேதிமருந்து என்பது சுவையான செய்தி. 1935இல் சூரிச்சில் பொட்டாசியம் இருஹைடிரசன் பாஸ்பேட் இவ்வகையில் சேர்ந்தது. கேடிபி எனச் சுருங்க வழங்கும் இப்படிகம் ஏறத்தாழ -150 பாகை செல்சியசுக்குக் கீழேதான் ஃபெரோமின் இயல்பைக் காட்டும். அறை வெப்பநிலையில் அதன் பயன் வேறு. 1960இல் மைமன் மாணிக்கப் படிகத்திலிருந்து 694.3 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒளியைப் பெற்றார். அடுத்த ஆண்டே பிராங்கன் குழுவினர் அவ்வொளியைக் குவார்ட்சு வழியே செலுத்தி, அலைநீளம் பாதியான புற ஊதாக் கதிரைப் பெற்றனர். அச்சில் அச்சிறு புள்ளி கறை எனக் கருதி நீக்கப்பட்டுவிட்டது! சமச்சீர் மையமில்லாத படிகங்களில் மட்டுமே நிகழும் இவ்விரட்டிப்பைக் கேடிபி சிறப்புறச் செய்கின்றது. நியோடிமியம் கலந்த யாக் படிகம் தரும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு, கேடிபியினுள் புகுந்து 532 நானோமீட்டர் பச்சையாகின்றது.

ஆனால் ஒளி எத்திசையில் புகுந்தாலும் இது நிகழ்வதில்லை. மூல அலையும் புதிய அலையும் படிகத்தினுள் ஒரே வேகத்தில் சென்றாக வேண்டும். கேடிபியில் மேற்கூறிய மாற்றத்திற்கு ஒளி, ஒளியியல் அச்சுக்கு ஏறத்தாழ 41 பாகைச் சாய்வில் செல்வது ஒரு வழி. எனவே படிகம் எத்திசையில் வளர்ந்தது, எத்திசையில் வெட்டப்பட்டது என்பதே பொருளாகின்றது. தமிழ்நாட்டின் பங்கு இவ்விடத்தில்தான் தொடங்குகின்றது.

வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் டாக்காவிலும், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் பெங்களூரிலும் படிகங்களை ஆராய்ந்தனர். எனினும் அவர்களது முதன்மை அக்கறை படிகத்தை அளப்பதில் இருந்தது, வளர்ப்பதில் அன்று. வளர்த்தலையே தனித்துறையாக்கியது, அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982இல் நிறுவப்பட்ட படிக வளர்ப்பு மையம். பேராசிரியர் பெ. இராமசாமி அதன் நிறுவன இயக்குநர். லித்தியம் நயோபேட்டு போன்றவற்றை வளர்க்க 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் பிளாட்டினக் கலமும் வேண்டும். கேடிபிக்கும், 49 பாகையில் ஃபெரோமின் இயல்பை இழக்கும் டிரைகிளைசின் சல்பேட்டுக்கும் தண்ணீரும் வெப்பநிலை பிறழாத தொட்டியும் போதும். தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் கரைசல் வளர்ப்பே வேரூன்றியமைக்கு இவ்வெளிமை பெருங்காரணம் என்பது எம் கருத்து.

2005இல் சங்கரநாராயணனும் இராமசாமியும் இணைந்து பென்சோபீனோன் படிகத்தைக் கொண்டு ஒரு முறையை வெளியிட்டனர். கரைசலில் தொங்கும் விதை எல்லா முகங்களிலும் வளரும். பின்னர் வேண்டிய திசைக்கு வெட்டும்போது பெரும்பகுதி வீணாகும். இவர்களோ விதையைத் தேர்ந்த திசையில் கண்ணாடிக் குழாயின் அடியில் பொருத்தி, மேலே நிறைசெறிவுக் கரைசலை ஊற்றினர். குழாயின் மேற்புறச் சூடேற்றி கரைப்பானை மெல்ல ஆவியாக்கும். கீழ்ப்புறச் சூடேற்றி வளர்முகத்தின் வெப்பநிலையைக் காக்கும். படிகம் குழாயை நிரப்பியவாறு ஒரே திசையில் உயர்கின்றது. கரைந்த பொருள் ஏறத்தாழ முழுவதும் படிகமாகின்றது. பின்னர்க் கேடிபியும் டிரைகிளைசின் சல்பேட்டும் இம்முறையில் வளர்க்கப்பட்டன. கற்கண்டின் நூலுக்குத் திசை தெரியாது, இவ்விதைக்குத் தெரியும்.

இதன் எல்லையையும் கூறவேண்டும். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட கேடிபிப் படிகங்களை வேறொரு விரைவு முறையில் வளர்த்துள்ளது. குழாயின் அகலத்தை மீறாத படிகம் அதற்கு ஈடாகாது. மேலும், கரைசல் வளர்ப்பின் எளிமை மற்றொரு கேட்டையும் கொணர்ந்தது. இந்தியாவிலிருந்து வெளியான கட்டுரைகள் சிலவற்றில் புதியவை எனப்பட்ட அமினோ அமிலப் படிகங்கள், உண்மையில் கரைசலில் இட்ட பழைய பொருள்களே என்பதை ஃபிளெக்கும் பெட்ரோசியானும் 2014இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினர். கட்டுரை எண்ணிக்கையைப் பெருமையாகக் கொள்வோர் இதையும் படித்தல் நன்று. இக்குறை அக்கண்ணாடிக் குழாய் முறையைத் தொடவில்லை.

உலக ஆய்விதழ்களில் அது ‘எஸ்.ஆர். முறை’ என்றே வழங்குகின்றது. எம் மாணவர் சிலரிடம் அவ்விரண்டு எழுத்துகளும் எவற்றைக் குறிக்கின்றன என வினவினோம். ஒருவர் ‘சோவியத் ரஷ்யா’ என்றார்.