ஹெல்மெட் வேண்டுமா, வேண்டாமா?



விடுமுறையில் டென்னிஸ் பந்தை விட்டு லெதர் பந்தில் நெட் பிராக்டீஸ் செய்யலாமா என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். "ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஆடக்கூடாது" என்றது சென்ற கூட்டத்தில் ஒரு தரப்பு. "நாங்கள் எதைப் போட்டுக்கொண்டு ஆடினோம்?" என்றது இன்னொரு தரப்பு. கிரிக்கெட்டில் இது பழைய வாதம். முடிவெடுக்கும் முன் அதைச் சற்றுப் பாருங்கள்.

1962 மார்ச், பார்படாஸ். சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வொரெல்கூட அவருக்கு ரத்தம் கொடுத்தார். உயிர் பிழைத்தார், ஆனால் 28 வயதில் டெஸ்ட் வாழ்க்கை முடிந்துபோனது. 21 வயது பட்டோடி கேப்டனானார்.

அதற்குப் பிறகும் ஹெல்மெட் உடனே வந்துவிடவில்லை. 1978-இல் அதே பார்படாஸில் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதலாக ஹெல்மெட்டுடன் இறங்கினார். ரசிகர்கள் கேலி செய்தார்கள்!

வேண்டாம் என்றவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்ல. விவ் ரிச்சர்ட்ஸ் கடைசிவரை வெறும் தொப்பியோடுதான் ஆடினார். தலையில் கவசம் இருந்தால் பந்தின் மேல் உள்ள கவனம் குறையும், குனிந்து விலகும் பழக்கம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. 2014-இல் ஃபில் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்துதான் ஆடினார்; அது மறைக்காத கழுத்தில் பந்து பட்டு இறந்தார்.

ஆனால் ராமன் லாம்பாவை மறக்க முடியுமா? 1998-இல் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம். சில பந்துகள்தானே என்று ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பேட்ஸ்மேன் அடித்த பந்து தலையில் பட்டது. சில நாளில் உயிர் பிரிந்தது. அவருக்குத் திறமையோ அனுபவமோ குறைவா என்ன?

நான் வங்கியில் வேலை பார்த்தவன். பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள், இரண்டு பேர் கையில் இருக்கும். கேஷியர் நேர்மையானவர் என்பதற்காக ஒரு சாவி போதும் என்று யாரும் சொல்வதில்லை. பயிற்சி ஒரு சாவி, ஹெல்மெட் மற்றொன்று. பெரியவர்கள் தங்கள் தலைக்குத் தாங்களே முடிவெடுக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாம்தான் முடிவெடுக்க வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் முதலில் இதைக் கட்டாயமாக்கியது.

ஆகவே என் யோசனை: சங்க நிதியில் இரண்டு அளவுகளில் நல்ல ஹெல்மெட்டுகள் வாங்குவோம். பேட்ஸ்மேனுக்கும், ஸ்டம்புக்கு அருகில் நிற்கும் கீப்பருக்கும் அது கட்டாயம். கூடவே, பந்துக்குக் குனிந்து விலகவும் முதலில் கற்றுக்கொடுப்போம். விளையாட்டையே தடுக்க வேண்டாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு வந்து அவசியம் சொல்லுங்கள்.